4ஜி பக்கத்துல வர்ற அந்த ‘+’ என்ன? உங்கள் போனுக்குள் நடக்கும் கூட்டல் கணக்கு

போன் திரையின் மேல் ஓரத்தில் 4ஜி என்று இருந்தது திடீரென்று 4ஜி+ என்று மாறுவதைப் பலரும் கவனித்திருப்பீர்கள். சில போன்களில் அது எல்டிஇ+ என்று வரும். கொஞ்ச நேரத்தில் அந்த ‘+’ காணாமல் போய்விடும். நாம ஒன்னும் செய்யல, செட்டிங்ஸைத் தொடக்கூட இல்ல. அப்புறம் அது ஏன் வருது, ஏன் போகுது?

அந்தச் சின்னக் குறிக்குப் பின்னால் இருக்கும் தொழில்நுட்பத்தின் பெயர் ‘கேரியர் அக்ரிகேஷன்’. தமிழில் ‘அலைவரிசைச் சேர்ப்பு’ எனலாம். தனித்தனியாகக் கிடக்கும் இரண்டு மூன்று அலைவரிசைகளைச் சேர்த்து, ஒரே போனுக்கு ஒரே நேரத்தில் டேட்டா அனுப்புவதுதான் இது.

‘இதெல்லாம் இன்ஜினியர்களுக்கு, நமக்கு எதுக்கு?’ என்று நினைக்க வேண்டாம். பதினைந்தாயிரம், இருபதாயிரம் கொடுத்துப் புது போன் வாங்கும்போது இது தெரிந்திருந்தால் பணம் மிச்சமாகும். விண்ணப்பத்தின் கடைசி நாளில் சான்றிதழ் ‘அப்லோடு’ ஆகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்போது, குறை போனிலா, டவரிலா, இணையதளத்திலா என்று பிரித்துப் பார்க்க முடியும்.

அலைக்கற்றை ஏன் துண்டு துண்டாக இருக்கிறது?

செல்போன் பேச்சும் டேட்டாவும் வானொலி அலைகளில்தான் பயணிக்கின்றன. எந்த நிறுவனம் எந்த அதிர்வெண்ணில் அனுப்பலாம் என்ற உரிமையை மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை ஏலம் மூலம் வழங்குகிறது. இதற்காக நாடு 22 சேவைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சென்னையும் சேர்ந்த தமிழ்நாடு அதில் ஒரு பகுதி.

2010, 2012, 2013, 2014, 2015, 2016, 2021, 2022, 2024 எனப் பல தடவை ஏலம் நடந்திருக்கிறது. ஒவ்வொரு ஏலத்திலும் என்ன விற்பனைக்கு வந்ததோ, எவ்வளவு விலை கட்டுப்படியானதோ, அதை நிறுவனங்கள் வாங்கின. அதனால் ஒரே நிறுவனத்திடம் 850 மெகாஹெர்ட்ஸில் ஒரு துண்டு, 1800-ல் ஒரு துண்டு, 2300-ல் இன்னொரு துண்டு என்று இருக்கும்.

நம்ம ஊர்ல ஒரு குடும்பத்துக்கு ஏரிக்கரையில அரை ஏக்கர், கோயில் பக்கம் முக்கால் ஏக்கர், ரோட்டோரம் ஒரு ஏக்கர்னு நிலம் சிதறிக் கிடக்கும் இல்லையா, அந்த மாதிரிதான். மொத்தம் கூட்டினால் நிறைய இருக்கும். ஆனால் ஒரே ஏரில் உழ முடியாது.

4ஜி வந்த புதிதில் ஒரு போன், ஒரு நேரத்தில், ஒரு துண்டில் இருந்து மட்டுமே டேட்டா எடுக்க முடியும். அந்தத் துண்டின் அகலமும் அதிகபட்சம் 20 மெகாஹெர்ட்ஸ்தான். நிறுவனத்திடம் பக்கத்துத் துண்டில் இடம் காலியாக இருந்தாலும், உங்கள் போனுக்கு அதில் பங்கு கிடைக்காது.

இந்தத் தடையை நீக்கியதுதான் அலைவரிசைச் சேர்ப்பு. உலக அளவில் செல்போன் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு, 2011-ல் முடித்த தனது 10-வது வெளியீட்டில் இதைச் சேர்த்தது. அதன்படி, தலா 20 மெகாஹெர்ட்ஸ் வரை அகலமுள்ள ஐந்து துண்டுகளை இணைத்து மொத்தம் 100 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு போனுக்குக் கொடுக்கலாம். 2013 ஜூன் மாதம் தென்கொரியாவின் எஸ்கே டெலிகாம் நிறுவனம் இதைப் பொதுமக்கள் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அவர்கள் சேர்த்தது 800 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் ஒரு துண்டு, 1800-ல் ஒரு துண்டு. ஒவ்வொன்றும் 10 மெகாஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்து நொடிக்கு 150 மெகாபிட் என்ற உச்ச வேகம் கிடைத்தது.

டவருக்கும் போனுக்கும் நடுவில் என்ன நடக்கிறது?

இதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: போன் ஆன் ஆனதும் ஏதாவது ஒரு அலைவரிசையில் டவருடன் இணைகிறது. இதுதான் முதன்மை அலைவரிசை. இணைப்பைத் தக்கவைப்பது, அழைப்பு வருவதைச் சொல்வது போன்ற கட்டுப்பாட்டு வேலைகள் எல்லாம் இதன் வழியாகவே நடக்கும்.

இரண்டாம் படி: ‘என்னால் எந்தெந்த பேண்டைப் பிடிக்க முடியும், எதையெல்லாம் ஒன்றாகச் சேர்க்க முடியும்’ என்ற பட்டியலை போன் டவருக்கு அனுப்புகிறது.

மூன்றாம் படி: அந்தப் பட்டியலைப் பார்த்து, அதே இடத்தில் தன்னிடம் உள்ள வேறொரு அலைவரிசையைத் துணை அலைவரிசையாக டவர் ஒதுக்குகிறது. அதன் சிக்னல் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை போன் அளந்து சொல்லிக்கொண்டே இருக்கும்.

நான்காம் படி: நீங்கள் வீடியோ பார்க்கத் தொடங்குகிறீர்கள், அல்லது பெரிய ஃபைல் ஒன்றை இறக்குகிறீர்கள். டேட்டா குவிவதைக் கண்டதும் டவர் துணை அலைவரிசையை உயிர்ப்பிக்கிறது. டேட்டா துண்டுகள் வரிசை எண்ணோடு இரண்டு வழியிலும் வருகின்றன. முன்னப் பின்ன வந்தாலும், போன் அவற்றை எண் வரிசைப்படி அடுக்கி ஒரே ஃபைலாகக் கொடுத்துவிடும்.

ஐந்தாம் படி: டேட்டா தேவை குறைந்ததும் துணை அலைவரிசை அணைக்கப்படுகிறது. இரண்டு அலைவரிசையைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தால் பேட்டரி சீக்கிரம் தீரும் என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அந்த ‘+’ வருவதும் போவதும் ஏன் என்பது இப்போது புரிந்திருக்கும். அது மறைந்தால் நெட்வொர்க் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. சேர்க்க வேண்டிய தேவை அந்த நிமிஷம் இல்லாமல் இருக்கலாம். அல்லது துணை அலைவரிசை எட்டாத இடத்துக்கு நீங்கள் நகர்ந்திருக்கலாம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

4ஜியில் அலைவரிசையை 180 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். 10 மெகாஹெர்ட்ஸில் 50 கட்டங்கள், 20 மெகாஹெர்ட்ஸில் 100 கட்டங்கள். ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்து, அந்த ஒவ்வொரு ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திலும் எந்தக் கட்டம் யாருக்கு என்று டவர் முடிவு செய்கிறது.

ஆரம்பகால 4ஜியில், இரண்டு ஆன்டெனா கொண்ட போனுக்கு 10 மெகாஹெர்ட்ஸில் கிடைக்கும் உச்ச வேகம் நொடிக்குச் சுமார் 75 மெகாபிட். 20 மெகாஹெர்ட்ஸில் சுமார் 150. இரண்டையும் சேர்த்தால் 225.

300 மெகாபைட் பாட வீடியோ ஒன்றை இறக்குவதாக வைத்துக்கொள்வோம். ஒரு பைட் என்பது எட்டு பிட். ஆக 2,400 மெகாபிட். 75 மெகாபிட் வேகத்தில் 32 நொடி ஆகும். 225 வேகத்தில் 11 நொடிக்குள் முடிந்துவிடும்.

ஆனால் இது டவருக்குக் கீழே நீங்கள் ஒருவர் மட்டும் இருந்தால் கிடைக்கும் கணக்கு. நிஜத்தில் அந்த 150 கட்டங்களை அந்தப் பகுதியில் உள்ள எல்லோரும் பங்குபோட்டுக் கொள்கிறார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லாரும் போனைக் கையில எடுத்தா, ஒருத்தருக்குக் கிடைக்கிற பங்கு குறையத்தான் செய்யும். சேர்ப்பு வந்ததால் அலைக்கற்றையின் மொத்த அளவு கூடுவதில்லை. ஏற்கெனவே இருப்பது வீணாகாமல் பகிரப்படுகிறது, அவ்வளவுதான்.

அந்தப் பகிர்விலும் ஒரு லாபம் உண்டு. 1800-ல் கூட்டம் நெரியும்போது 2300-ல் கட்டங்கள் காலியாக இருந்தால், இணைப்பைத் துண்டித்து மாற்றாமலேயே உங்களுக்கு அங்கிருந்து எடுத்துக் கொடுக்க டவரால் முடியும்.

எல்லா அலைவரிசையும் ஒரே மாதிரி இல்லை

அதிர்வெண் குறைவாக இருந்தால் அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் எல்லாம் இந்த ரகம். ஆனால் இவற்றில் கிடைக்கும் அகலம் குறைவு. 2300, 3300 போன்ற உயர் அதிர்வெண்களில் அகலம் நிறையக் கிடைக்கும். ஆனால் தூரம் போகாது, தடிமனான சுவரிலும் கான்கிரீட்டிலும் பலவீனமாகிவிடும்.

டவரிலிருந்து தள்ளி இருக்கும் ஒரு கிராமத்தில் 850 மட்டும் எட்டும், 2300 எட்டாது என்றால், அங்கே சேர்ப்பதற்கு இரண்டாவது அலைவரிசையே இல்லை. எவ்வளவு விலையுயர்ந்த போனை வாங்கினாலும் அந்த வீட்டுக்குள் ‘+’ வராது. அதே போனை டவர் பக்கம் கொண்டுபோனால் வந்துவிடும்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது?

வீடியோ, செயலி அப்டேட், பாடக் காணொளி, ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்புக்குக் கொடுப்பது என டேட்டா அதிகம் கீழிறங்கும் வேலைகளுக்கு இது நன்றாக உதவும்.

யுபிஐ பணப் பரிமாற்றத்துக்கு இதனால் பெரிய வித்தியாசம் இல்லை. அதில் போய்வரும் டேட்டா மிகவும் குறைவு. பணம் ‘பெண்டிங்’ என்று நின்றால், போனின் வேகத்தைவிட வங்கி சர்வர் பக்கம் காரணம் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

தேர்வு முடிவு நாளும் அப்படித்தான். மதிப்பெண் பக்கம் சின்னப் பக்கம். ஆனால் ஒரே நேரத்தில் லட்சக்கணக்கானோர் ஒரே சர்வரைத் தட்டும்போது வரிசை அங்கேதான் உருவாகிறது. மற்ற இணையதளங்கள் வேகமாகத் திறந்து, இது மட்டும் திறக்கவில்லை என்றால் குறை உங்கள் நெட்வொர்க்கில் இல்லை. திரும்பத் திரும்ப ‘ரீஃப்ரெஷ்’ செய்யாமல் சற்றுப் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

முக்கியமானது அப்லோடு. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், கலந்தாய்வு ஆவணங்கள் என்று நாம் அரசுச் சேவைகளுக்கு அனுப்புவதெல்லாம் போனிலிருந்து டவருக்குப் போக வேண்டியவை. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. டவர் பத்து, இருபது வாட் அளவில் சிக்னல் அனுப்ப முடியும். வழக்கமான 4ஜி போனோ அதிகபட்சம் 0.2 வாட் அளவில்தான் அனுப்பும். அந்தக் கொஞ்சச் சக்தியை இரண்டு அலைவரிசைக்குப் பிரித்தால், டவரிலிருந்து தள்ளி இருப்பவருக்கு இரண்டுமே பலவீனமாகிவிடும். அதனால் பெரும்பாலான 4ஜி போன்கள் மேலே அனுப்பும்போது ஒரே அலைவரிசையைத்தான் பயன்படுத்துகின்றன. 4ஜி+ என்று காட்டினாலும், வீடியோ வேகமாக ஓடினாலும், சான்றிதழ் மட்டும் ஏறாமல் நிற்பது இதனால்தான்.

அப்போது செய்ய வேண்டியவை:

• வீட்டின் உள் அறையை விட்டு மொட்டை மாடிக்கோ, வாசலுக்கோ, ஜன்னல் பக்கமோ வாருங்கள். சுவர் குறுக்கே இல்லாவிட்டால் போனின் சின்னக் குரலும் டவருக்குக் கேட்கும்.

• இணையதளம் கேட்கும் அளவுக்கு ஃபைலைச் சுருக்கிக்கொள்ளுங்கள். கேமராவில் எடுத்த படம் பல மெகாபைட் இருக்கும். அதையே அப்படியே ஏற்ற முயல வேண்டாம்.

• அதிகாலையில் முயலுங்கள். டவரிலும் கூட்டம் குறைவு, சர்வரிலும் கூட்டம் குறைவு.

• கடைசி நாள் வரை வைக்காதீர்கள். ஊரில் சிக்னலே சரியில்லை என்றால் அருகில் உள்ள இ-சேவை மையத்துக்குப் போய் விண்ணப்பியுங்கள்.

5ஜி வந்துவிட்டதே, இன்னும் எதற்குச் சேர்ப்பு?

இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. அதற்கு முன் அதே ஆண்டு நடந்த ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ், 3300 மெகாஹெர்ட்ஸ், 26 கிகாஹெர்ட்ஸ் ஆகிய வரிசைகளிலும் நிறுவனங்கள் அலைக்கற்றை வாங்கின. 3300 வரிசையில் ஒரே துண்டே 100 மெகாஹெர்ட்ஸ் வரை அகலமாக இருக்கலாம். இவ்வளவு அகலம் இருக்கும்போது சேர்ப்பு எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

இங்கே சேர்ப்பு வேறு விதத்தில் உதவுகிறது. 3300-ல் டவரின் சிக்னல் உங்களை எட்டும், ஆனால் உங்கள் போனின் பலவீனமான சிக்னல் டவரை எட்டாது. எல்லைப் பகுதியில் முதலில் அறுபடுவது இந்தத் திரும்பும் வழிதான். 700-ஐயும் 3300-ஐயும் சேர்த்தால், போன் தன் பதிலைத் தூரம் போகக்கூடிய 700 வழியாக அனுப்பும். டேட்டாவை அகலமான 3300 வழியாக வாங்கிக்கொள்ளும். இதனால் 3300 பயன்படும் தூரமே கூடுகிறது.

இன்னொரு முறையும் இருக்கிறது. 4ஜியை அடித்தளமாக வைத்துக்கொண்டு, மேலே 5ஜியைச் சேர்ப்பது. அதன் பெயர் இரட்டை இணைப்பு. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், இதில் 4ஜி நிலையமும் 5ஜி நிலையமும் தனித்தனியாகத் தங்கள் பங்கீட்டை முடிவு செய்கின்றன. இந்த முறையில் திரையில் 5ஜி என்று காட்டினாலும் அந்த நேரத்து டேட்டா 4ஜி வழியாக வந்துகொண்டிருக்கலாம். 5ஜின்னு போட்டிருக்கு, ஆனா ஸ்பீடே இல்லையேன்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

புது போன் வாங்கும்முன் பார்க்க வேண்டியவை

• பேண்ட் பட்டியல்: பெட்டியிலோ, தயாரிப்பாளர் இணையதளத்திலோ இருக்கும். நம் நாட்டு 4ஜிக்கு பேண்ட் 1 (2100), 3 (1800), 5 (850), 8 (900), 28 (700), 40 (2300), 41 (2500) ஆகியவை பயன்படுபவை. 5ஜியில் என்28, என்78 இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

• கேட் எண்: 4ஜி போனில் ‘எல்டிஇ கேட்’ என்று ஒரு எண் இருக்கும். கேட் 4 என்றால் உச்ச வேகம் 150 மெகாபிட். கேட் 6 என்றால் 300 மெகாபிட், அதாவது இரண்டு 20 மெகாஹெர்ட்ஸ் துண்டுகளைச் சேர்க்கும் திறன். அதற்கு மேல் போகப் போகத் திறன் கூடும்.

• வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வரும் போன்: பெயர் ஒன்றாக இருந்தாலும் அந்த நாட்டுக்கான மாடலில் நம்ம ஊர் பேண்ட் சில இல்லாமல் இருக்கலாம். மாடல் எண்ணை வைத்துச் சரிபாருங்கள்.

• முதலில் உங்கள் பகுதியைப் பாருங்கள்: டிராய் அமைப்பின் 2024 சேவைத்தர விதிமுறைப்படி, எந்த இடத்தில் எந்தச் சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். உங்கள் தெருவில் 5ஜியே இல்லை என்றால், அதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

வேகம் தொடர்ந்து குறைவாக இருந்தால்

டிராயின் ‘மைஸ்பீடு’ செயலியில் காலை, மாலை, இரவு என மூன்று நேரம் சோதியுங்கள். வீட்டுக்குள் ஒருமுறை, வெளியே ஒருமுறை. வெளியே நன்றாக இருந்து உள்ளே குறைந்தால் சுவர்தான் காரணம். இரவில் மட்டும் குறைந்தால் நெரிசல். எந்த நேரமும், எந்த இடத்திலும் குறைவு என்றால் புகார் செய்யுங்கள்.

198 என்ற எண்ணில் உங்கள் நிறுவனத்தின் புகார் மையத்தைக் கட்டணமின்றி அழைக்கலாம். பேசி முடித்ததும் புகார் எண்ணைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். எந்த இடம், எந்த நேரம், எவ்வளவு வேகம் என்று சொன்னால் ‘போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்ற பதிலோடு முடியாது. தீர்வு திருப்தி இல்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்று டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு, உங்கள் 10 இலக்க எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒரு குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது 4 நாட்களுக்குச் செல்லும். மாறும் முன், புது நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் போனில் உங்கள் வீட்டுக்குள்ளேயே சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை

அலைவரிசைச் சேர்ப்பை யாரும் உங்களுக்கு ‘ஆக்டிவேட்’ செய்து தர வேண்டியதில்லை. போனும் டவரும் தாமாகவே பேசிக்கொள்ளும். ‘உங்க சிம்மை 5ஜிக்கு மாத்தணும், வர்ற ஓடிபியைச் சொல்லுங்க’, ‘ஸ்பீடு கூட்ட இந்த லிங்க்கை அழுத்துங்க’ என்று அழைப்போ மெசேஜோ வந்தால் அது மோசடி. ஓடிபியைச் சொன்னால் வேகம் கூடாது, வங்கிக் கணக்குதான் காலியாகும். பழைய 2ஜி, 3ஜி சிம்மை மாற்ற வேண்டியிருந்தால், நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட கடைக்கு அடையாள அட்டையுடன் நேரில் சென்று மாற்றுங்கள்.

ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். வீட்டில் உள்ள பெரியவர்களின் போனிலும் இந்த எண்ணை இன்றே சேமித்துக் கொடுங்கள்.